ஓடும் ஆற்றை எந்த மொழியில் அளப்பது?

காஃப்கா என்றதும் இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு, ஒரு காலையில் பூச்சியாக விழித்தெழுந்த கிரகோர் சம்சா நினைவுக்கு வருவார். அடையாறு, தரமணிப் பக்கத்து மென்பொருள் அலுவலகங்களில் அதே பெயரைச் சொல்லிப் பாருங்கள். பிராக் நகரத்தை யாரும் நினைக்கமாட்டார்கள். 2011-ஆம் ஆண்டு லிங்க்ட்இன் நிறுவனம் திறமூலமாக வெளியிட்ட ஒரு மென்பொருளின் பெயராகவே அவர்கள் அதை அறிவார்கள். அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜே கிரெப்ஸ் கல்லூரியில் இலக்கிய வகுப்புகள் பல படித்தவர். எழுதுவதற்கென்றே செப்பனிடப்பட்ட அமைப்பு என்பதால் ஓர் எழுத்தாளரின் பெயர் பொருந்தும் என்று கருதியதாகச் சொல்லியிருக்கிறார். சில ஆண்டுகளில் அதே நிறுவனத்திலிருந்து, எழுத்து மட்டும் சற்றே மாறி, சம்சா என்று இன்னொரு மென்பொருளும் வந்தது. பெயர் வைப்பதில் இவ்வளவு நயம் காட்டுகிற இந்தத் துறை, மொழியைத் தேர்வதில் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் இங்கே என் அக்கறை. மொழி என்று நான் சொல்வது நிரலாக்க மொழியை.

இவ்வகை மென்பொருள் செய்கிற வேலையை நம்மூர் வழக்கிலேயே சொல்லிவிடலாம். கணினிக் கணக்குகளில் பெரும்பகுதி ஏரிப்பாசனம். நாள் முழுவதும் வந்து சேரும் தகவலைத் தேக்கிவைத்து, இரவில் மதகைத் திறந்து மொத்தமாகக் கணக்குப் பார்ப்பார்கள். மாதச் சம்பளமும் மின்கட்டணமும் இப்படித்தான். சில கேள்விகளுக்கு இரவுவரை காத்திருக்க இயலாது. கடனட்டை திருடன் கையில் இருக்கிறதா, ஆற்றில் நீர் ஏறுகிறதா என்பவற்றுக்கெல்லாம், தகவல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஓட்டத்தை நிறுத்தாமலே விடை காண வேண்டும். தரவு ஓடையைக் கையாளுதல் என்று இதைச் சொல்லலாம். காஃப்கா அந்த ஓடைக்குக் கால்வாய். சம்சா, ஸ்டார்ம், ஃப்ளிங்க் முதலியவை கால்வாய்க் கரையில் நின்று அளப்பவை.

மயிலாப்பூரில் கூடும் எங்கள் நண்பர் வட்டத்தில் பாதிப்பேர் பகலில் நிரல் எழுதிப் பிழைப்பவர்கள். அவர்களில் சிலர் அடையாற்றுக்காக ஒரு திறமூலத் திட்டம் தொடங்கவேண்டும் என்று புறப்பட்டிருக்கிறார்கள். மழைமானிகள் காட்டும் அளவு, ஆற்றின் நீர்மட்டம், முகத்துவாரத்தில் கடலின் ஏற்றவற்றம், ஏரிகளிலிருந்து திறக்கப்படும் நீர் ஆகியவற்றை ஓடைகளாக வாங்கி, எந்தத் தெருவுக்கு எப்போது ஆபத்து என்று சொல்லும் ஒரு பொதுச்சொத்து. நல்ல நோக்கம். ஆனால் பேச்செல்லாம் அதை எந்த மொழியில் எழுதுவது என்பதிலேயே நின்றுவிடுகிறது. ஒருவர் ரஸ்ட் என்கிறார். இன்னொருவர் கோ என்கிறார். ஸ்காலாவுக்கு ஒரு பக்தர் இருக்கிறார். ‘ஜாவா’ என்று மெல்லச் சொன்ன ஒருவரை மற்றவர்கள் பார்த்த பார்வை, வாரப்பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவரைச் சிற்றிதழ்க்காரர்கள் பார்க்கிற பார்வை. நான் அந்த ஜாவாக்காரர் பக்கம்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதாக அரசுக் கணக்கு. ஏரிக்குக் கீழே பெய்த மழையும் மற்ற ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்து அடையாற்றில் அதைவிடவும் பெருவெள்ளம் ஓடியது. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் ஜாபர்கான்பேட்டையிலும் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. எச்சரிக்கை எப்போது, யாருக்கு, எந்த வடிவில் போய்ச்சேர்ந்தது என்ற விவாதம் பிறகு பல ஆண்டுகள் நீடித்தது. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் நீர் தேங்கியது ஆற்றினால் அல்ல, மழைநீர் வடிய வழியில்லாமல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். 2015-க்கு முன்னால் 2005-லும் அடையாற்றங்கரை மூழ்கியது.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2005, 2015, 2023. ஒரு பெருவெள்ளத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே எட்டாண்டு, பத்தாண்டு. ஒரு தன்னார்வலர் ஒரு திட்டத்தில் முழுமனத்தோடு இருக்கக்கூடியது இரண்டு ஆண்டு, மிஞ்சினால் மூன்று. பிறகு வேலை மாறும், திருமணம் ஆகும், பெங்களூருவுக்கோ டொரன்டோவுக்கோ பெட்டி கட்டுவார்கள். ஆக, இந்த மென்பொருள் உண்மையிலேயே தேவைப்படப்போகும் இரவில் அதை எழுதியவர்களில் ஒருவரும் ஊரில் இருக்கப்போவதில்லை என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். மின்சாரம் வந்துவந்து போகிற ஒரு டிசம்பர் நள்ளிரவில், முன்பின் அறியாத ஒருவர் இந்த நிரலைத் திறந்து, எங்கே தவறு என்று கண்டு, திருத்த முடியுமா? மொழித் தேர்வுக்கு எனக்குத் தெரிந்த அளவுகோல் இது ஒன்றே. மற்ற அளவுகோல்கள் எல்லாம் இதற்குப் பிறகு.

வேகம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நகரம் முழுக்க ஆயிரம் உணரிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஒரு முறை தகவல் அனுப்புகிறது. நாளொன்றுக்கு 14,40,000 தகவல். வினாடிக்குப் பதினேழு. பழைய மடிக்கணினி ஒன்று இதைத் தூங்கிக்கொண்டே செய்யும். லிங்க்ட்இன் 2019-ல் தன் காஃப்கா வழியாக நாளொன்றுக்கு ஏழு லட்சம் கோடித் தகவல்கள் ஓடுவதாகச் சொன்னது. அவர்களுக்கு வேகம் ஒரு பிரச்சினை. நமக்கில்லை. ஜாவாவில் குப்பை நீக்கத்துக்காக நிரல் அவ்வப்போது சில மில்லிவினாடிகள் மூச்சு நிறுத்தும் என்பதும் உண்மைதான். பங்குச்சந்தையில் அது பணம். செம்பரம்பாக்கத்தில் திறந்த நீர் சைதாப்பேட்டைக்கு வந்துசேர மணிக்கணக்கில் ஆகும். ஆறு மில்லிவினாடியில் பெருகுவதில்லை.

வேகத்தைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது, யார் படிப்பார்கள் என்ற கேள்வி. இதற்குத்தான் கடந்த பதினைந்து ஆண்டு வரலாறு பயன்படுகிறது. ஸ்டார்ம் மென்பொருளை நேதன் மார்ட்ஸ் பெரும்பாலும் தனியொருவராகத் தொடங்கினார். உட்பகுதியைக் குளோஜர் என்ற மொழியில் எழுதினார். லிஸ்ப் மரபில் வந்த, அடைப்புக்குறிகள் நிறைந்த, சுருக்கமும் அழகும் கொண்ட மொழி அது. புத்திசாலி ஆகையால் வெளிமுகத்தை மட்டும் ஜாவாவில் வைத்தார். பயன்படுத்துகிறவர்கள் குளோஜர் கற்கத் தேவையில்லை. ட்விட்டர் நிறுவனம் 2011 செப்டம்பரில் அதைத் திறமூலமாக வெளியிட்டது. பயனர்கள் ஏராளமாக வந்தார்கள். ஆனால் பயனர் எல்லாரும் பங்களிப்பாளர் ஆகிவிடுவதில்லை. உள்ளே புகுந்து பழுதுபார்க்க வேண்டியவர்கள் வாசலிலேயே நின்றார்கள். சீனத்தின் அலிபாபா நிறுவனம் உட்பகுதியை ஜாவாவில் திரும்ப எழுதி ஜேஸ்டார்ம் என்று தனியே நடத்தியது. 2019-ல் வந்த ஸ்டார்மின் இரண்டாம் பதிப்பில் உட்பகுதி முழுவதும் ஜாவாவுக்கு மாற்றப்பட்டது. புதிதாக வருவோருக்குக் குளோஜர் ஒரு தடையாக இருந்தது என்பதை அந்த வெளியீட்டு அறிவிப்பே ஒப்புக்கொண்டது. அதற்குள் கூட்டம் வேறிடம் போய்விட்டிருந்தது என்பது வேறு கதை.

ஃப்ளிங்க், பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்றிலிருந்து வளர்ந்தது. பெரிதும் ஜாவா, இடையிடையே ஸ்காலா. பயனர்கள் ஸ்காலாவிலும் எழுதுவதற்கென ஒரு முகம் வைத்திருந்தார்கள். பராமரிக்க ஆள் குறைந்ததும் அதைக் கைவிடப்போவதாக அறிவித்து, 2025-ல் வந்த இரண்டாம் பதிப்பில் எடுத்தேவிட்டார்கள். காஃப்காவின் மையமும் ஸ்காலாவில் தொடங்கியதுதான். வாசகரை நேரே சந்திக்கும் பகுதிகளை 2015-லேயே ஜாவாவில் புதிதாக எழுதிவிட்டார்கள்.

ஸ்காலாவை நான் மணிப்பிரவாளம் என்பேன். இது வசை அல்ல. இருவேறு மரபுகளை ஒரே சரத்தில் கோத்து, இரண்டும் தெரிந்தவர்க்கு மட்டுமே எட்டுகிற ஒரு செறிவை அடைவது அது. ஈட்டு வியாக்கியானத்தை எழுதிய வடக்குத் திருவீதிப் பிள்ளைக்கு முன்னால் இருந்த வாசகர்கள் இரு மொழியும் தெரிந்தவர்கள். அவர்களுக்கு அதைவிடச் சிறந்த ஊடகம் இருந்திருக்க முடியாது. சில நூற்றாண்டுகள் கழித்து அந்த உரைக்கே அரும்பதவுரை தேவைப்பட்டது. 1950-களில் பு.ரா. புருடோத்தம நாயுடு உட்கார்ந்து ஈட்டைத் தமிழாக்கினார், சென்னைப் பல்கலைக்கழகம் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. ஸ்டார்மைக் குளோஜரிலிருந்து ஜாவாவுக்குக் கொண்டுவந்தவர்கள் செய்ததும் ஏறத்தாழ அதே வேலைதான். மூலத்தின் அழகு குறைந்திருக்கும், சந்தேகமில்லை. நாயுடுவின் பத்துத் தொகுதிகள் இல்லையென்றால் என்னைப் போன்றவன் ஈட்டின் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்கமாட்டேன். ஈட்டுக்கு எழுநூறு ஆண்டு பொறுத்திருக்க முடிந்தது. மென்பொருளுக்கு எட்டாண்டுதான் கிடைக்கிறது.

ட்விட்டரில் ஸ்டார்முக்கு மாற்றாக ஹெரான் உருவானது. உருவாக்கியவர்களுள் கார்த்திக் ராமசாமி ஒருவர். 2016-ல் திறமூலமாயிற்று. பெயர் நாரையைக் குறிக்கும்; அடையாற்று முகத்துவாரத்துக்குப் பொருத்தமான பெயர். வேகம் வேண்டிய உறுப்புகள் சி++ மொழியில், நிரலாளர் தொடும் பகுதி ஜாவாவில், கருவிகள் பைத்தானில். பொறியியல் நோக்கில் ஒவ்வொரு தேர்வுக்கும் நியாயம் உண்டு. ஆனால் வெளியிலிருந்து ஒருவர் முழுமையாகப் புரிந்துகொண்டு கைவைக்க மூன்று மொழியும் தெரிந்திருக்க வேண்டும். அப்பாச்சி அறக்கட்டளையின் வளர்ப்பில் சில ஆண்டுகள் இருந்து, போதிய பங்களிப்பாளர் இன்றி 2023-ல் ஓய்வுக்கு அனுப்பப்பட்டது. மொழிகள் மட்டுமே காரணம் என்பது அநியாயம். ஸ்டார்முக்குப் பின் கூட்டம் ஃப்ளிங்க் பக்கம் நகர்ந்ததும் ஒரு காரணம். ஆனாலும் எங்கள் நண்பர்களில் ஒருவர் ‘உள்ளே ரஸ்ட், நடுவே கோ, மேலே பைத்தான்’ என்று பலகையில் வரைந்தபோது எனக்கு அந்த நாரைதான் கண்முன் வந்தது.

மொழியைத் தேர்கிறவர்கள் அதனோடு சேர்ந்து வரும் சுற்றத்தையும் தேர்கிறார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்காலா உலகில் அக்கா என்றொரு நூலகம் உண்டு. (தமிழில் எழுதும்போது இந்தப் பெயர்களோடு படும் பாடு!) ஃப்ளிங்க் தன் உறுப்புகளுக்குள் செய்தி பரிமாற அதைத்தான் நம்பியிருந்தது. 2022 செப்டம்பரில் அதன் உரிமையாளர்கள் திறமூல உரிமத்தை மாற்றி, பெரிய நிறுவனங்கள் கட்டணம் செலுத்தவேண்டும் என்றார்கள். பழைய பதிப்பிலிருந்து பெக்கோ என்ற கிளையைப் பிரித்து, ஃப்ளிங்க் 2023-ல் அதற்கு மாறிக்கொண்டது. அவர்களிடம் ஆள்பலம் இருந்தது. வார இறுதியில் நான்கு பேர் நடத்தும் திட்டம் இப்படி ஓர் அதிர்ச்சியைத் தாங்குமா?

நான் இவ்வளவு சொல்வதால் நிரலின் மொழிதான் எல்லாம் என்று பொருளல்ல. அதைவிட முக்கியமான இன்னொரு மொழி இருக்கிறது. அதற்கு நல்ல சான்று அமெரிக்காவில் இல்லை, இலங்கையில் இருக்கிறது.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீஸ்கந்தராஜா சுகோதயனும் அவருடைய நண்பர்களும் மாணவராய் இருந்தபோது உருவாக்கியது சித்தி. 2011-ல் ஆய்வுக்கட்டுரையாக வந்தது. பின்னர் கொழும்பின் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் அதைத் திறமூலமாக வளர்த்தது. ஊபர் நிறுவனம்கூட சம்சாவோடு சேர்த்து அதைப் பயன்படுத்தியிருக்கிறது. சென்னையில் சித்தி என்றால் அம்மாவின் தங்கை, அல்லது ராதிகாவின் தொலைக்காட்சித் தொடர். ஈழத்தமிழில் தேர்வில் தேறுவது சித்தியடைதல். சித்தியின் உட்பகுதி சாதாரண ஜாவா. ஒரு வித்தையும் கிடையாது. ஆனால் பயன்படுத்துகிறவர் ஜாவாவைத் தொடுவதே இல்லை. கேள்வியைக் கேட்க அவருக்கென்று ஒரு சிறுமொழி இருக்கிறது.

அந்தச் சிறுமொழியின் வாக்கிய அமைப்பு என்னைக் கவர்ந்தது. தரவுத்தளங்களின் வழக்கமான வினவுமொழியான எஸ்க்யூஎல்லில் ‘தேர்ந்தெடு’ என்ற ஏவல் முதலில் வரும், எதிலிருந்து என்பது பிறகு. ஆங்கில வாக்கியத்தின் இயல்பு அது. சித்தியில் வரிசை வேறு: இந்த ஓடையிலிருந்து, இத்தனை நிமிடச் சாளரத்தில், இன்னதைக் கணக்கிட்டு, அந்த ஓடையில் இடு. இடுவது கடைசியில். தமிழும் சிங்களமும் வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள். இது தற்செயலாகவே இருக்கலாம். நீர் ஓடுகிற திசையும் அதுதானே. ஆனால் ஒரு தமிழ் வாசகர் அந்த வரியை இடறாமல் படித்துவிடுவார். முத்து அண்ணாமலையின் எழில் என்ற தமிழ் நிரல்மொழியிலும் இப்படித்தான், நிபந்தனையை முதலில் சொல்லி ‘ஆனால்’ என்ற சொல்லைப் பின்னால் வைத்திருக்கிறார். எழிலில் எழுதுவது தமிழில். எழிலை எழுதியிருப்பதோ பைத்தானில். உள்ளே ஊரறிந்த மொழி, வெளியே படிப்பவருக்கு இசைந்த மொழி என்ற அதே ஏற்பாடு.

வெள்ளத்துக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், ஓடைகளில் கடினமானது காலம். ஒரு மழைமானி இரவு 11.10-க்கு அளந்ததைக் கைபேசிக் கோபுரம் செயலிழந்ததால் 11.40-க்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ந்த நேரம் ஒன்று, வந்து சேர்ந்த நேரம் வேறொன்று. எந்த நேரத்தைக் கணக்கில் எடுப்பது? பிந்திவரும் தகவலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது? நெடுநேரம் காத்திருந்தால் எச்சரிக்கை தாமதமாகும். காத்திராமல் போனால் வராத தகவலை மழையின்மை என்று கொண்டுவிடும். இனி இதற்கு முந்தையது வராது என்று கணினி எண்ணிக்கொள்ளும் எல்லையை இத்துறையில் ‘வாட்டர்மார்க்’ என்கிறார்கள். நீர்மட்டக் குறி! அடையாற்றுக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. அந்தக் குறியைப் பத்து நிமிடத்தில் வைப்பதா முப்பது நிமிடத்தில் வைப்பதா என்பது நிரலாளர் தீர்மானிக்கவேண்டிய விஷயம் அல்ல. ஆற்றை அறிந்த பொறியாளர், பேரிடர்ப் பணியில் இருப்பவர், கரையில் குடியிருப்பவர் ஆகியோர் பேசி முடிவுசெய்ய வேண்டியது. அது ரஸ்ட் கோப்பு ஒன்றின் நானூறாவது வரியில் ஒளிந்திருந்தால் எவரும் அதைக் கேள்வி கேட்கப்போவதில்லை.

என் கட்சிக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்றே ஒன்று. அதை எங்கள் வட்டத்தில் மிக இளையவர் சொன்னார். “சார், ஆபீஸ்ல எட்டு மணி நேரம் ஜாவா எழுதிட்டு வந்து, சனிக்கிழமையும் அதையே எழுதணுமா?” கூலியில்லாத வேலைக்கு மகிழ்ச்சிதான் கூலி. குளோஜர்மீது காதல் இல்லாதிருந்தால் மார்ட்ஸ் ஸ்டார்மை எழுதியே இருக்கமாட்டார் என்று ஒருவர் சொன்னால் என்னால் மறுக்க முடியாது. ரஸ்டைப் பற்றிய பரவசமும் வெறும் மோகமல்ல. நினைவகத் தவறுகளில் ஒரு பெரும் இனத்தையே அதன் தொகுப்பி முன்கூட்டிப் பிடித்துவிடும். சி++ மொழியில் தொடங்கிய ரைசிங்வேவ் குழு எழுதியதை விட்டுவிட்டு ரஸ்டுக்கு மாறியதற்கு நியாயம் உண்டு. ஆனால் அது சம்பளம் வாங்கும் குழு. முதல் நான்கு பேரின் மகிழ்ச்சிக்காக எடுக்கும் முடிவின் விலையை ஐந்தாவதாக வருகிறவர் கொடுக்கிறார். அந்த இளைஞருக்கு நான் சொன்ன பதில், உணரிகளுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு நிரலை ரஸ்டிலேயே எழுதுங்கள் என்பது. அது சிறியது, தனியானது, நாளை வேறொருவர் ஒரே வாரத்தில் புதிதாக எழுதிவிடக்கூடியது. அவர் முழுத்திருப்தி அடையவில்லை.

ஐந்தாவது ஆள் யார் என்பதும் தெரியாத விஷயமல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, எந்தப் பிரிவு மாணவரானாலும் முதல் பருவத்தில் பைத்தான் படித்தார்கள். கணினிப் பிரிவினர் மூன்றாம் பருவத்தில் ஜாவா. திருவள்ளூரிலோ திண்டிவனத்திலோ ஏதோ ஒரு கல்லூரியில் இரண்டாமாண்டு முடித்த பெண் இந்த நிரலைத் திறந்தால் பாதியாவது புரியும். மொழியை இங்கே நாம் தேர்ந்தெடுக்கவில்லை, அந்தப் பாடத்திட்டம் முன்பே தேர்ந்துவிட்டது. ஆகவே உட்பகுதி ஜாவா, அதிலும் புதுமைகள் தவிர்த்த வெள்ளைத்தமிழ் ஜாவா. வெள்ள விதிகள் எல்லாம் சித்தியைப் போன்ற ஒரு வினவுமொழியில், தனிக்கோப்பில், பக்கத்தில் தமிழ் விளக்கத்தோடு. விதி மாறினால் யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பதும் அங்கேயே.

ஓடைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாமா என்று கேட்டார்கள். ஜாவா தொடக்கத்திலிருந்தே யூனிகோடு பெயர்களை ஏற்கும் மொழி, தடையில்லை. உட்பகுதியில் வேண்டாம் என்றேன், விதிக்கோப்பில் கட்டாயம் வேண்டும் என்றேன். உடனே அடுத்த சண்டை தொடங்கிவிட்டது: அடையாறு என்று எழுதுவதா, அடையார் என்றா?